திருதராஷ்டிரப் பச்சையும் என் சக்கை மரமும்

என் மகள் வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாள். என்னைப் பார்க்க அல்ல; சக்கை தின்ன. பலாப்பழத்துக்கு எங்கள் குமரி மாவட்டத்தில் சக்கை என்று பெயர். சாறு பிழிந்தபின் மிஞ்சுகிற கோதுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்ட மற்ற ஜில்லாக்காரர்களை நாங்கள் மன்னித்துவிட்டோம்.

அவள் இருப்பது ஹைதராபாத்தில். ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடைத்ததும் குழித்துறையில் வந்து இறங்குவாள். ஆட்டோ முற்றத்தில் நின்றதும் பைகளை என் கையில் திணித்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போவாள். துவைகல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற வருக்கைச் சக்கை மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்ப்பாள். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மெலிஞ்சு போனியளே அப்பா" என்பாள். முந்தின வருஷத்து வேட்டி இடுப்பில் சுற்றப் போதாமல் நான் திணறிக்கொண்டு நிற்கும்போதும் அதே வசனம்தான். முதல் பார்வை மரத்துக்கு, இரண்டாவது எனக்கு. இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. சுளை எடுக்க வருகிறவள் அப்படியே மேனேஜரையும் பார்த்துவிட்டுப் போகிறாள். மரம் காய்க்கும்வரை மேனேஜர் வேலை நிரந்தரம்.

அவள் இருக்கிற நாட்களில் வீட்டில் சத்தம் இருக்கும். கையெல்லாம் தேங்காய் எண்ணெய், வாயெல்லாம் சக்கை, பேரப்பிள்ளைகள் சக்கைக்குருவை, அதாவது கொட்டையை, வைத்துச் சண்டை போடுவார்கள். மற்ற மாதங்களில் வீட்டில் என்னைத் தவிர சத்தம் போடுவது குளிர்பெட்டி ஒன்றுதான். அதுவும் நடுநடுவே நிறுத்திவிட்டு யோசிக்கும்.

என் மனைவி இறந்து நாலு வருஷமாகிறது. அதன்பிறகு சமையல் கற்றுக்கொண்டேன். மீன்குழம்பு வந்துவிட்டது, புளிக்கறி வந்துவிட்டது, அவியல்கூட அவியல் என்று சொல்லிக்கொள்ளும்படி வந்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சோறு வைக்க மட்டும் இன்றுவரை வரவில்லை. அரிசியை அள்ளும்போது கை பழைய கணக்கிலேயே அள்ளுகிறது. மிஞ்சுகிற சோறு, அரிசி கழுவின வெள்ளம், மீன் கழுவின வெள்ளம், மீன் தலை, வால், செதிள் எல்லாம் சக்கை மரத்தடிக்குப் போகும். கூடவே பால்காரர் வீட்டிலிருந்து சாணி. அடுப்புச் சாம்பல். மரத்தைச் சுற்றி வட்டமாகத் தடம் எடுத்து, அதில் இவ்வளவையும் கொட்டி, "சாப்பிடு, சாப்பிடு, மெலிஞ்சு போனாய்" என்பேன். எனக்குத் தெரிந்த ஒரே உபசார வசனம் அது.

இதில் வெட்கப்படவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுவதும் மற்றவர்கள் மண்ணைப் பற்றி அவர்களுக்கே புத்தி சொன்னவன். விவசாயிகள் துணிப்பையில் மண் கொண்டுவருவார்கள். வயலின் பல இடங்களில் குழி எடுத்து, கலந்து, நான்காகப் பகுத்துக் கொண்டுவாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாலும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டோ கொடுப்பது மாதிரி, இருப்பதிலேயே கறுப்பாக, பொலபொலவென்று இருக்கிற மூலையிலிருந்து அள்ளிக்கொண்டு வருவார்கள். "இது உங்க வயலா, வயலுக்கு அத்தை மகளா?" என்று கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்ட ஆள், தன் வீட்டு மண்ணை ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கின சமயம், மரத்தடியில் ஒரு கொடி எட்டிப்பார்த்தது. இலை அசல் வாட்ஸாப் இதயம்தான், நிறம் மட்டும் பச்சை. மகள் பேச நேரமில்லாத நாட்களில் எனக்கு அனுப்புகிற அதே படம். நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் அது துவைகல்லை மூடியது. இன்னொரு வாரத்தில் துவைகல்லில் உலரப்போட்டு நான் மறந்துவிட்ட பனியனையும் மூடியது.

கொடியை எங்கள் பக்கத்தில் வள்ளி என்பார்கள். இது என்ன வள்ளி என்று தெரிந்துகொள்ள மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பெயர் கிடைத்தது. எனக்குப் பிடித்தது, எல்லைக்கு அந்தப்புறம் மலையாளத்தில் வழங்குகிற பெயர்: திருதராஷ்டிரப் பச்சை. கண் தெரியாத ராஜா, பீமன் என்று நினைத்து இரும்புப் பொம்மையைக் கட்டிப்பிடித்து நொறுக்கினாரே, அந்தப் பிடி. வெளிநாட்டிலிருந்து வந்த கொடிதான். ஆனால் வந்த இடத்தில் பாரதக் கதை படித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். ரப்பர் தோட்டம், வாழைத்தோட்டம், மனிதன் சற்றுக் கண்ணயர்ந்த எந்த இடத்திலும் அது ஏறும். ஏறி, மரத்தின் தலையில் பாய் விரித்து வெயிலை எல்லாம் தானே குடித்துவிடும்.

சரி, பிடுங்கிவிடுவோம் என்று இறங்கினேன். மழைக்கால ஆரம்பத்தில் தென்னைக்கும் மாமரத்துக்கும் தடம் திறந்து, பச்சை இலைகளை வெட்டிப்போட்டு மண்மூடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலை. அந்த இலைக்குத் தோல் என்று பெயர். எனக்கோ தழைச்சத்தைப் பற்றி மேடைபோட்டுப் பேசின நாக்கு. இவ்வளவு பச்சையை வீணாக்கலாமா? ஒரு நாள் முழுக்க மழையில் நனைந்துகொண்டு, அந்த வள்ளியை எல்லாம் பிடுங்கி, வெட்டுகத்தியால் சாண் சாணாகத் துண்டுபோட்டு, சக்கை மரத்தின் தடத்தில் நிரப்பி, மேலே மண்ணும் சாணியும் போட்டு மூடினேன். அன்றைக்கு மகளிடம் போனில், "மரத்துக்கு ஒரு சத்யை விருந்தே வச்சிருக்கேன், அடுத்த வருஷம் பாரு" என்று பெருமையடித்தேன்.

அந்தக் கொடிக்கு ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் குணம். ஒவ்வொரு துண்டிலும் கணு இருந்தது. மெத்தென்ற ஈர மண்ணில் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, போர்த்திவிட்டு, எரு போட்டு, தாலாட்டுப் பாடாத குறையாக வந்திருக்கிறேன். பயிரிடுவதற்கு இதைவிட நல்ல முறையை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது.

மழை விட்டபோது மரத்துக்கு அடிமரம் இருந்த இடம் தெரியவில்லை. ஐப்பசி கழிந்ததும் மரம் முழுக்க வெள்ளைப் பூ. பொடிப்பொடியாக, அரிசிப்பொரி தூவின மாதிரி. பார்க்க அழகுதான். போட்டோ எடுத்து அனுப்பினேன். "ஐயோ, சூப்பரா இருக்குப்பா, என்ன பூ?" என்று கேட்டாள். பதிலுக்கு நான் ஒரு இதயம் அனுப்பினேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் அருமனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். கடையை இப்போது மகன் பார்க்கிறான். இவர் காலையில் போய் மகனைத் திட்டிவிட்டு மத்தியானம் வந்துவிடுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சாரே என்பார். எங்கள் இரண்டு பறம்புக்கும், அதாவது வீட்டுத் தோட்டத்துக்கும், நடுவே இடுப்பளவு மதில். என் பக்கத்தில் பச்சைக் கடல். அவர் பக்கத்தில் சிவந்த வெறும் தரையும், அதில் ஒரு சக்கை மரமும். கொடி மதிலில் ஏறி அந்தப்பக்கம் தொங்கும். தரையைத் தொட்டதும் இலை மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும், காமாலை கண்டவன் மாதிரி.

"பாத்தீரா சாரே, நம்ம பறம்புல கால் வச்சா வெட்டிருவேன்னு அதுக்குத் தெரியும். என்னைக் கண்டா சவத்துக்கு ஒரு பேடி உண்டு."

"உங்களைக் கண்டு கடைக்கு வாற ஆளுவளும் மஞ்சளாத்தான் போறாவ அண்ணாச்சி."

"அது பில்லைக் கண்டு."

அவருக்குப் பயந்து ஒரு கொடி நிற்கும் என்பதை நான் நம்பத் தயாரில்லை. அவருடைய மகனே பயப்படுவதில்லை. மதிலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே வெயில், ஒரே மழை. வேறு எது வேறு? மண்.

பழைய புத்தி விழித்துக்கொண்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் குழி எடுத்தேன். என் மரத்தடி மண் கறுப்பு. கையில் எடுத்தால் கேக் மாதிரி உதிர்ந்தது. ஒரு பிடிக்குள் நாலைந்து மண்புழு, எல்லாம் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தன. அண்ணாச்சி பக்கம் மண்வெட்டி தரையில் பட்டுத் தீப்பொறி பறந்தது. வீடு கட்டும்போது மேல்மண்ணை எல்லாம் வழித்து முற்றத்தில் நிரவிவிட்டார்; மிஞ்சியது வெட்டுக்கல் பாறையும் அதன் பொடியும். அவருடைய மரம் அந்த வெடிப்புக்குள் விரலை நுழைத்து எப்படியோ பிழைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு மண்ணையும் இரண்டு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். என்னுடையது கலங்கி, மேலே இலைத்தூசி மிதந்து, இரண்டு நாளாகியும் தெளியவில்லை. அவருடையது சட்டென்று அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாக நின்றது.

"அப்ப என் மண்ணு மோசமுன்னா சொல்லுதீரு?"

"மோசமில்ல. பட்டினி."

"பட்டினி கெடக்குத வீட்டுக்கு விருந்தாளி வரமாட்டான், அதாக்கும் காரியம், இல்லியா? உம்ம வீட்டுல விருந்து வச்சு வரவழைச்சீரு."

சும்மா சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஊகம் வேறு, நிரூபணம் வேறு அல்லவா? எனக்கு நிரூபணம் வேண்டும். உண்மையைச் சொன்னால், நிரூபணத்தைவிட, காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க ஒன்று வேண்டும்.

வீட்டுக்கு வர்ணம் அடித்தபோது மிஞ்சின பெயிண்ட் டப்பாக்கள் கிடந்தன. ஒன்றில் என் மரத்தடி மண். ஒன்றில் அண்ணாச்சியின் செம்மண். ஒன்றில் கட்டடம் கட்டி மிஞ்சின ஆற்றுமணல். இன்னொன்றிலும் அண்ணாச்சியின் மண்தான், ஆனால் அதற்கு மட்டும் தினமும் என் சமையலறைக் கழுநீர். நாலிலும் அதே கொடியில் ஒவ்வொரு கணு நட்டு, வெளியறை ஜன்னலடியில் வெயில் படும்படி வரிசையாக வைத்து, தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். மறுநாள் அண்ணாச்சி வந்தார். டப்பாக்களையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சாரே, ஆளு வச்சுப் பறிச்சு எறியவேண்டிய சாதனம். அத நீரு சட்டியில நட்டு வெள்ளம் கோருதீரு. நெசமாச் சொல்லும், மண்டையில வட்டு கிட்டு உண்டா?"

"ஆராய்ச்சி அண்ணாச்சி."

"எனக்கு ஒரு மச்சினன் இருந்தான். அவனும் முதல்ல ஆராய்ச்சின்னுதான் பறஞ்சான்."

மணலில் நட்டது முதலில் போய்விட்டது. அண்ணாச்சி மண்ணில் நட்டது செத்துப்போகவில்லை. இரண்டு இலை விட்டு, மஞ்சளாக, ஏறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தது. என் மண்ணில் நட்டது ஜன்னல் கம்பியைப் பிடித்து, திரைச்சீலைக் கயிற்றைப் பிடித்து உள்ளே வந்துவிட்டது. நாலாவதுதான் என்னை உட்காரவைத்தது. அதே பட்டினி மண். என் கழுநீர் போகப்போக, அது எழுந்து, பச்சை பிடித்து, முதலாவதைத் துரத்திக்கொண்டு ஜன்னலில் ஏறியது. வேறு ஒன்றும் இல்லை. நான் வைத்த சோறு. மீன் கழுவின வெள்ளமும் மிஞ்சின சோறுமாக நான் மரத்துக்கு ஊட்டினதெல்லாம் வள்ளிக்குத்தான் போயிருக்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அது இன்னும் தெளிவு. சமையலறையிலிருந்து கழுநீர் வாளியோடு நான் நடந்து, சிந்தி, ஊற்றி, திரும்பின வழியெல்லாம் கொடி தழைத்திருந்தது. நான் மிதிக்காத, ஊற்றாத வடக்கு மூலையில் நோஞ்சானாக இரண்டு தளிர். மூன்று வேளையும் நான் நடந்த தடத்தை யாரோ பச்சை மையில் வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

தையில் ஏணி வைத்து ஏறி, அடிமரத்தில் சுற்றியிருந்ததை எல்லாம் அறுத்து இறக்கினேன். உள்ளே சக்கைப் பிஞ்சுகள் இருந்தன. போர்வைக்குள் காற்றும் வெயிலும் படாமல், ஈரத்தில் கறுத்து, பூசணம் பூத்து இருந்தன. தொட்டதும் கையோடு வந்தன. ஒன்றுவிடாமல் பார்த்தேன். நல்லதாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏணியிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். மேனேஜருக்கு வேலை போய்விட்டது.

அந்த வாரம் போனில் மகள் கேட்டாள்: "அப்பா, சக்கை பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவா? நிக்க எடமில்லாம தொங்குது மக்களே."

"நெறையவா?"

"நெறையன்னா, மரம் எனக்கிட்ட வந்து புகார் சொல்லுது."

"ஓ" என்றாள். அந்த ஓவில் ஏதோ இருந்தது. நான் கவனிக்கவில்லை. பொய் சொல்லும்போது காது சரியாகக் கேட்பதில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு தடவை பேசும்போதும் அவள் ஏதோ சொல்லத் தொடங்குவாள், நான் சக்கைக்குள் புகுந்துவிடுவேன். இந்த வருஷம் சுளை செந்தூர நிறத்தில் இருக்கும் என்பேன். பிள்ளைகளுக்குச் சுளையை வெல்லம் போட்டுக் கிளறிச் சக்கை வரட்டி வைக்கப்போகிறேன் என்பேன். சக்கை இல்லை என்று தெரிந்தால் அவள் வரமாட்டாள். வந்துவிட்டால் பிறகு அண்ணாச்சி மரத்துச் சக்கையை வைத்துச் சமாளிக்கலாம். இதுதான் என் திட்டம். குழித்துறையில் இறங்கிய பிறகு யாரும் திரும்பிப் போகமாட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சாயங்காலம் வீடியோ கால் போடுதேன், மரத்தைக் காட்டுங்கப்பா" என்று செய்தி அனுப்பிவிட்டாள்.

நான் மதிலுக்கு ஓடினேன். அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், தன் மரத்திலிருந்து சுமாரான ஒரு சக்கையை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய பட்டினி மண்ணில் சக்கை சின்னதாகத்தான் பிடிக்கும். ஆனால் அது சக்கை. இரண்டு பேருமாக அதை என் மரத்தின் தடியில், கண்மட்டத்துக்கு, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினோம். கயிறு தெரியாமல் இருக்க இரண்டு இலையைச் செருகினேன்.

"ஒரு சக்கைதானே இருக்கு. நெறைய தொங்குதுன்னு பறஞ்சிருக்கீரே."

"கிட்டப் பிடிச்சா ஒண்ணே போதும் அண்ணாச்சி. சினிமால கூட்டத்த அப்படித்தான் காட்டுவாவ."

"முடிச்சு கொஞ்சம் லூசு. நான் மரத்துக்குப் பின்னால நின்னு தாங்கிப் பிடிச்சுக்கிடுதேன். சீக்கிரம் பேசி முடியும்."

மணி அடித்தது. எடுத்தேன். பேரப்பிள்ளைகள் இரண்டும் முகத்தை நுழைத்து, "தாத்தா, சக்கை!" என்று கத்தின. நான் போனைத் திருப்பி, சக்கைக்கு மிக அருகில் கொண்டுபோய், பெண்ணுக்குத் தாலி கட்டுவதைப் படம் எடுக்கிறவன் மாதிரிப் பய்யப் பய்ய நகர்த்தினேன்.

"அப்பா, ஒரு நிமிஷம். கொஞ்சம் பொறவோட்டு வாங்க."

"எதுக்கு? இஞ்ச வெளிச்சம் நல்லா இருக்கு."

"சக்கைக்கு எதுக்கு அரைஞாண் கெட்டியிருக்கீய?"

நான் பதில் தேடுவதற்குள், அந்தச் சக்கை என் கண்முன்னே இறங்கத் தொடங்கியது. மிக மரியாதையாக, ஒரு சாணுக்கு ஒருதரம் நின்று, இறங்கியது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "சாரே, கை வழுக்குது, சவம் பால் ஒட்டுது, முடிச்சீரா?" என்றது. பிறகு சக்கை தொப்பென்று தடத்தில் விழுந்தது. அண்ணாச்சி வெளியே வந்து போனைப் பார்த்துக் கும்பிட்டு, தன் வழக்கமான வணக்கமாக, "அய்யா உண்டு மக்களே, நல்லா இருக்கியா?" என்று கேட்டார்.

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. போன் கீழே விழுந்து, ஹைதராபாத்து வீட்டின் மச்சு மட்டும் தெரிந்தது. பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கோமாளித்தனத்துக்கு இதுவரை கிடைத்த மிகப்பெரிய கைதட்டல் அதுதான். பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். கதவு அடைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, சக்கை இல்லியா?"

"இல்ல மக்களே."

"ஒண்ணுகூடவா?"

"வள்ளி மூடிப்போட்டுது. எல்லாம் அழுகிப்போச்சு."

பிறகு, "ஒருவகையில நல்லதாப் போச்சுப்பா" என்றாள். "இந்த லீவுக்கு நாங்க வரல்ல. பிள்ளையளுக்கு ஐஸ் மலை பாக்கணுமாம். அவங்க அப்பா டிக்கெட் எடுத்தாச்சு, ஜனவரியிலேயே. உங்ககிட்ட சொல்ல நெனைக்கும்போதெல்லாம் நீங்க சக்கை, சக்கைன்னு ஆரம்பிச்சிருவீய. இவ்வளவு காய்ச்சிருக்க நேரத்துல எப்படிச் சொல்லுவேன்?"

ஆக, இல்லாத சக்கையைக் காட்டி, வராத மகளை நான் வரவழைத்துக்கொண்டிருந்தேன். இல்லாத சக்கைக்காக அவள் மனசு கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மூன்று மாதம் இதைச் செய்திருக்கிறோம்.

"ஐஸ் நல்லதுதான். அதுல வள்ளி ஏறாது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஜூன்ல வாறேன். நான் மட்டும். ரெண்டு நாள்."

"ஜூன்ல வந்து என்ன செய்ய? மழையா இருக்கும். அண்ணாச்சி மரத்துல கூட சக்கை தீந்துபோயிருக்கும்."

"சக்கை இல்லாட்டி வரப்படாதா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற ஆள் என்று பெயர் எனக்கு. "வள்ளி பிடுங்கணும்" என்றேன். "பிடுங்குவோம்" என்றாள்.

அன்று கீழே விழுந்த சக்கையை அண்ணாச்சி வீட்டில் வெட்டினார்கள். ஒரு பாத்திரம் நிறைய சுளை எனக்கும் வந்தது. நல்ல தித்திப்பு. ஒரு சுளையைத் தின்றுவிட்டு, மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தேன். மறுநாளும் ஒரு சுளை. அவ்வளவு சுளையை ஒருத்தனாகத் தின்று முடிக்க நாளாகும். முன்பென்றால் மிச்சத்தை மரத்தடிக்குக் கொண்டுபோயிருப்பேன்; இப்போது அதுவும் கூடாது.

மரத்தடிக்கு ஊட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. கழுநீர் தெருப்பக்கத்துச் செவ்வாழைக்குப் போகிறது. அறுத்த வள்ளியை எல்லாம் அண்ணாச்சியின் பாறையில் பரப்பிச் சருகாகும்வரை காயவைத்தேன். பட்டினி மண் அதற்கு உபகாரம் செய்தது. ஒரு கணுகூட அங்கே வேர்பிடிக்கவில்லை. தடத்தில் தென்னோலையைக் கனமாகப் பரப்பி வெளிச்சத்தை அடைத்தேன். ஆனாலும் நாலு வருஷம் கொட்டின கொழுப்பு மண்ணுக்குள் இருக்கிறது. ஓலை இடுக்கு வழியாக ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று இதயம் எட்டிப்பார்க்கும்.

ஜூனில் அவள் வந்தாள். ரயில் தாமதமாகி, இரண்டு நாள் என்பது ஒன்றரை நாளாகக் குறைந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கினதும் பைகளை என் கையில் திணிக்கவில்லை. அவளிடம் ஒரு பைதான் இருந்தது. முற்றத்து மழையில் குடையில்லாமல் நின்று, என்னையே பார்த்தாள். மெலிஞ்சு போனியளே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் நிஜமாகவே மெலிந்திருந்தேனோ என்னவோ.

மறுநாள் காலையில் சேலையைச் சொருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். ஓலையை நீக்கிவிட்டு இரண்டு பேரும் குந்தியிருந்து பிடுங்கினோம்.

"நடுவுல பொட்டிச்சிராத ஏட்டி. மூட்டோட, வேரோட வரணும். ஒரு கணு நின்னா போதும், போச்சு."

"ஒரு வள்ளியில எத்தன கணுப்பா இருக்கும்?"

"உங்க அம்ம என்கிட்ட ஒரு நாளைக்கு எத்தன கேள்வி கேப்பா? அத்தன."

சிரித்தாள். அவள் பிடுங்கினதை வாளியில் போட்டுக்கொண்டே, தலைநிமிராமல், "அம்ம இருந்தா இத இவ்வளவு வளர விட்டிருக்கமாட்டா" என்றாள்.

"அம்ம இருந்தா இவ்வளவு சோறு மிஞ்சியிருக்காது."

நான் மண்ணைப் பற்றித்தான் சொன்னேன். கழுநீர், தழைச்சத்து, டப்பாவில் செய்த பரிசோதனை, எல்லாம் விளக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. தேநீர் போடுகிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் அரிசி எடுக்கப் போனபோது, அரிசிப் பானையில் அளக்கிற பழைய படியைக் காணோம். அதற்குப் பதிலாக, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பால் குடித்த டம்ளர் கிடந்தது.

"இனி இதுல அள்ளுங்க. ஒரு நேரத்துக்கு ஒண்ணு. தலை தட்டி."

"விருந்தாளி வந்தா?"

"நான் வந்தா ரெண்டு."

அன்று இரண்டு டம்ளர் போட்டுப் பொங்கினேன். ஒன்றும் மிஞ்சவில்லை. சாயங்காலம் குழித்துறையில் ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, நகத்துக்குள் இருந்த மண்ணை ஒரு ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்தபோது ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்துவிட்டு மறுபடி நகத்துக்குள் புகுந்துவிட்டாள்.

பத்துப் பதினைந்து நாளில் தெரிந்துவிட்டது. நான் பிடுங்கின பக்கம் சுத்தமாக இருந்தது. அவள் பிடுங்கின பக்கம் முழுக்கத் தளிர்த்திருந்தது. எல்லாம் நடுவில் பொட்டித்து அறுத்த வள்ளி. ஒவ்வொரு கணுவும் மண்ணுக்குள்ளேயே நின்றிருக்கிறது. சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அதையும் பாதி வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அவள் குந்தியிருந்த இடத்தில் குந்தி, மண்ணுக்குள் விரலைவிட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக வேரோடு எடுத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றை விட்டாலும் மரம் அடுத்த வருஷம் காய்க்காது.

பாதியில் போன் அடித்தது. மடியிலிருந்து எடுத்து, சேற்றுக் கையோடு காதில் வைத்தேன்.

"அப்பா, நான் பிடுங்கின எடத்துல மறுபடி முளைச்சிருக்கா?"

வாளி நிரம்பியிருந்தது. மேலே கிடந்த, தளிர்த்த தண்டு ஒன்றின் முனையில் அவளுடைய நகம் கிள்ளின அடையாளம் தெளிவாகத் தெரிந்தது.

"ஒண்ணுகூட முளைக்கல்ல மக்களே" என்றேன். "நல்லாப் பிடுங்கியிருக்கே."